ஸ்ட்ராஸ்பூர்க்கில் பகல் பன்னிரண்டரை

நாலு முறை பிரான்ஸ் போய் வந்தவள் என்று வேங்கிக்காலில் பாஞ்சாலைக்கு ஒரு பெயர் உண்டு. பெயருக்கு என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்! பாரிஸில் அவள் பார்த்தது ஓட்டலுக்கு அடியில் இருக்கிற சமையற்கட்டை. அங்கே கடுகு தாளித்த புகைக்கு அலாரம் அலறி, தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் போர்வையோடு தெருவுக்கு ஓடியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லியோன் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது, அதுவும் தெரியும். அவினியோனில் பாதி ஆற்றோடு நின்றுபோன பாலம் ஒன்று இருக்கிறதாம். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தவளுக்குப் பாலமாவது மண்ணாவது!

அறிவுமதி நடத்துகிற சுற்றுலாவுக்கு அவள் சமையல்காரி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடியில் அவன் ஆபீஸ். வருஷத்துக்கு ஒரு முறை முப்பது பேரைத் திரட்டி பிரான்ஸுக்கு அழைத்துப் போவான். சரித்திரம், கலை, கலாச்சாரம் என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுவான். அதைவிடப் பெரிய எழுத்தில் ‘மூன்று வேளையும் நம்ம ஊர் சைவச் சாப்பாடு, சுடச்சுட’ என்று போடுவான். இரண்டாவது வரிக்குத்தான் ஆள் சேரும். ஜனங்கள் அரண்மனையும் மியூசியமும் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பும்போது பாஞ்சாலை குக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் வேலை.

வேலையைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஆசை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் பெரிய தேவாலயத்துக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, மாடி வீட்டு உயரத்துக்கு. பகல் பன்னிரண்டரை ஆனால் பன்னிரண்டு சீடர்களும் பொம்மைகளாக ஒவ்வொருவராய் வந்து இயேசுவைக் கும்பிட்டுப் போவார்கள். ஓரத்தில் இருக்கிற சேவல் இறக்கையை அடித்து மூன்று முறை கூவும். நூறு வருஷத்துக்கும் மேலாக, வெறும் பல்சக்கரத்தில்! அந்தப் பன்னிரண்டரைக்கு பாஞ்சாலை ஊருக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பாள். பார்த்துவிட்டு வந்தவர்கள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அவளுக்குக் கதை சொல்வார்கள். போனில் எடுத்ததைக் காட்டுவார்கள். அதில் முன்னால் நின்ற எவனுடைய மண்டையோதான் தெரியும். தன் கண்ணால் பார்க்க வேண்டும், தன் காதால் அந்தச் சேவலைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது.

இந்த மாசம் மூன்று தடவை அறிவுமதியிடம் கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் “பாக்கலாங்க்கா” என்றான். பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது தெரியாதவளா அவள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, இந்த வருஷம் போகிற முப்பது பேரையும் ஆபீஸ் மாடிக்கு வரச்சொல்லியிருந்தான். ஒவ்வொரு நாளும் என்ன பார்ப்பது, என்ன சாப்பிடுவது என்று திரையில் காட்டினான். ஆறாம் நாள் வந்தது. ‘12.30 அதிசயக் கடிகாரம். 1.15 வத்தக்குழம்பு, பீன்ஸ் பொரியல், அப்பளம்.’ அதைப் படித்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் அந்த நேரம் பார்த்துத்தானா அவளைக் கூப்பிட வேண்டும்?

“இவங்கதான் நம்ம பாஞ்சாலக்கா. பிரான்ஸே இவங்களுக்கு அத்துப்படி! அக்கா, எப்படி இருக்கும்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க.”

“எனக்கு என்னா தெரியும்? நான் பாத்ததில்லியே” என்றாள் பாஞ்சாலை.

கூட்டம் சிரித்தது. தமாஷ் பண்ணுகிறாளாம்! சிரிப்பு ஓயும் வரைக்கும் அவள் நின்றாள்.

“உங்களாண்ட ஒண்ணு கேக்கறேன். ஆறாவது நாளு மத்தியானம் எனக்கு விட்டுடுங்க. ஒரே ஒரு வேள. நானும் உங்களோட உள்ள வந்து அந்தக் கடியாரத்தப் பாக்கறேன். அன்னிக்கு மட்டும் ஆளுக்கு ஒரு ரொட்டி வாங்கித் தின்னுக்கோங்க. நைட்டுக்கு வடை பாயாசத்தோட பண்ணிப் போடறேன்.”

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ராமகிருஷ்ணன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். கலெக்டர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர்; எதிரில் நிற்கிறவர்களை மனு கொடுக்க வந்தவர்களாகவே பார்த்துப் பழகிய கண்.

“ஏம்மா, இவ்ளோ தூரம் போறது காஞ்ச ரொட்டியத் திங்கறதுக்கா?”

“ஊரப் பாக்கறதுக்குனு நெனச்சேங்க” என்றாள் பாஞ்சாலை.

அவர் மனைவி ஜோதியம்மாள் சும்மா இருப்பாளா? “எனக்கு சுகரு. டயத்துக்குச் சோறு உள்ள போகலன்னா மயக்கம் வந்துடும். நீ கடியாரம் பாக்கறதுக்கு நான் விழுந்து கெடக்கணுமா?”

“சுகருக்குச் சோறாம்மா மருந்து? சரி, வெடிகாலம் எழுந்து பண்ணி, பொட்டலமா கட்டி உங்க கையிலயே குடுத்துடறேன்.”

“ஆறிப்போன சோறா!” என்று பின்னால் இருந்து நாலு குரல் ஒன்றாகக் கிளம்பியது. சுடச்சுட என்றுதானே நோட்டீஸில் போட்டிருக்கிறது, இது என்ன அநியாயம் என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஓரத்தில் இருந்த இனியா என்கிற நர்ஸ் பெண் மட்டும், “ஒரு வேளதானே, நான் ரொட்டியே சாப்ட்டுக்கறேன். பாவம், அவங்களும் பாக்கட்டுமே” என்றாள். உனக்கென்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு என்று அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

“அக்கா, இத என்னாண்ட தனியா பேசியிருக்கலாம்” என்று அறிவுமதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“மூணு வாட்டி பேசனேனே. காதுல பஞ்சு வச்சினு இருந்தியா?”

அவன் முகம் கறுத்துவிட்டது. அப்போது ராமகிருஷ்ணன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். இப்படி எத்தனை பிரச்சினையைத் தீர்த்திருப்பார்! “எதுக்கு சத்தம்? தம்பி, அந்தக் கடிகாரத்த எடுத்துடுங்க. கடிகாரத்த நாம பாத்ததில்லியா? பன்னண்டரைக்கே சாப்பாட வச்சிடுங்க. முடிஞ்சுது.”

கை தட்டினார்கள். நிஜமாகவே கை தட்டினார்கள்! அறிவுமதி கம்ப்யூட்டரில் குனிந்தான். திரையில் கடிகாரம் இருந்த வரி போய், சாப்பாடு மேலே ஏறி பன்னிரண்டரையில் உட்கார்ந்தது.

இதை பாஞ்சாலை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மாட்டோம் என்பார்கள், திட்டுவார்கள், அதற்கெல்லாம் துணிந்துதான் வந்தாள். தான் பார்க்கக் கேட்டதற்கு ஒருவருமே பார்க்க வேண்டாம் என்று முப்பது பேர் முடிவு பண்ணுவார்கள் என்று யார் கண்டது? வத்தக்குழம்புக்காக! இவர்கள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இப்ப சந்தோஷமாக்கா? யாருமே பாக்கல. உங்களுக்கும் கொற இல்ல” என்றான் அறிவுமதி.

“அன்னிக்கு டயம் ஜாஸ்தி இருக்குதில்ல, மத்தியானமே வடை போட்டுடலாமே” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

பாஞ்சாலை நேராக மேஜைக்குப் போனாள். விசாவுக்காக வாங்கி அடுக்கியிருந்த பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள்.

“என்ன பண்றீங்க? நாளைக்கு விசாவுக்குப் போகணும்!”

“என்னுது இல்லாம போ.”

“சமைக்க ஊர்ல ஆளே இல்லன்னு நெனப்பா? நாளைக்கே வேற ஆள வைப்பேன். அப்பறம் பிரான்ஸுனு நீங்க மேப்புலதான் பாக்கணும்.”

“வையி. நல்லா வையி.”

அவன் சொன்னது நிஜம்தான். இனி அவளைக் கூட்டிப் போக ஆள் கிடையாது, சொந்தமாகப் போகிற வழியும் கிடையாது. அந்தச் சேவல் தினம் மூன்று முறை கூவும், அவள் சாகிற வரைக்கும் கேட்கப் போவதில்லை. அது தெரிந்துதான் எடுத்தாள். பாஸ்போர்ட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

ரோட்டுக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜோதியம்மாள், மூச்சு வாங்க ஓடி வந்தாள். மனசு கேட்காமல் சமாதானம் சொல்ல வருகிறாள் என்று பாஞ்சாலை ஒரு கணம் நினைத்துவிட்டாள். அப்படி நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“கோச்சிக்காத பாஞ்சால. போறது போற, முப்பது பேருக்கு ஒரு வேளைக்கு நீ எத்தன படி அரிசி வப்பேனு மட்டும் சொல்லிட்டுப் போ. வரப்போற ஆளுக்குத் தெரியணுமில்ல?”

“நாலு வாட்டி போயிட்டு வந்தேன். நீ என்னாடி பாத்தேனு ஒருத்தங்களும் கேக்கல. இப்பவும் அரிசியத்தான் கேக்கறீங்க. சொல்ல மாட்டேன், போங்க.”

வேங்கிக்கால் போகிற ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். கண்ணீர் இப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது. ஜோதியம்மாள் அப்போதும் விடவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள்.

“பச்சரிசியா புழுங்கலரிசியா, அதையாவது சொல்லு!”