கம்பியில்லாத படம்

“கம்பியத் தூக்கிருப்பா,” என்றார் ராஜபாண்டி, பிளெக்ஸ் கடைக்காரனின் கம்ப்யூட்டருக்குள் மூக்கை நுழைத்து. “செத்தும் அந்தப் பேரு எதுக்கு?”

மருதுபாண்டி பெரியப்பாவைப் பார்த்தான். எம்.ரெட்டியபட்டி வீட்டில் அப்பா இருளப்பசாமி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அகப்பட்டது இரண்டே படம். ஆதார் அட்டையில் அப்பா அசல் கொலைகாரர் மாதிரி இருந்தார். சிறைக் கம்பிக்குப் பின்னால் நின்ற படத்தில்தான் மாப்பிள்ளைக் களை.

வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரனை வெட்டினார் என்று இளவயதில் உள்ளே போனவர். வெள்ளைக்காரன் கட்டிய அந்த ஜெயில் இப்போது மியூசியம். போன மாதம் அவரே கேட்டுத்தான் மகன் கூட்டிப்போனான். வாசலில் டிக்கெட் என்றதும், “முன்னாடி சும்மாதானலே விட்டாங்ய,” என்றார். கால்விலங்கு, தூக்குக்கயிறு எல்லாவற்றையும் சந்தையில் பழைய சாமான் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓர் அறைக்குள் தானாகப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எடுலே.”

எடுத்த பிறகும் கையை விடவில்லை.

“வெட்டுனது ஒம் பெரியப்பன். அவனுக்குப் புள்ளகுட்டி இருந்துச்சு, நான் ஒத்தக்கட்ட. நான் கண்ண மூடுனதும் ஊர்ல சொல்லிருதேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கான். பாப்போம்.”

காலையிலிருந்து மருதுபாண்டியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பெரியப்பா பந்தல்காரனிடம் பேரம் பேசினார், கொட்டுக்காரர்களை வரவழைத்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “கோவக்காரப் பய, ஆனா தங்கம்,” என்று தம்பிக்காகத் தழுதழுத்தார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

“பெரியப்பா, தூக்குறதுக்குள்ள ஊர்ல சொல்லிருவீகளா?”

ராஜபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

“பேத்திக்குப் பேசிவச்ச எடத்துக்காரவுக வந்து உக்காந்திருக்காகல்ல,” என்றார் கடைசியில். பிறகு கடைக்காரனிடம் திரும்பி, “கீழ, வருந்துவோருங்கிற எடத்துல, எம்பேரு மொதல்ல வரட்டும்.”

கடைக்காரன் கம்பிகளை ஒவ்வொன்றாக அழித்தான். “கை இப்படியே நிக்குமேண்ணே, பரவால்லையா?”

“நிக்கட்டும்,” என்றான் மருதுபாண்டி.

சாயங்காலம் பாடை கிளம்பியது. பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த பேனரில், நீல வானத்துக்கு முன்னால் அப்பா நின்றார், நெஞ்சுக்கு நேராக இரண்டு கையிலும் ஒன்றுமில்லாததை இறுகப் பிடித்தபடி. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, கூட்டத்தோடு வந்த ராஜபாண்டியிடம் கேட்டார்.

“செத்தவரு டிரைவரா?”

கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன மருதுபாண்டி திரும்பிப் பார்த்தான்.

ராஜபாண்டி ஆமென்று தலையாட்டினார்.