ஆறு துண்டு மீன்

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கி வந்தவர்களை ஜெனிஃபா கையை நீட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்கண்ணா. அம்மாவ மூடறதுக்கு முன்னாடி இவங்கள ஒண்ணு கேக்கணும்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஜெயபுஷ்பத்தோடு வட்டமாக உட்கார்ந்து மதியம் சாப்பிடும் பதினோரு பெண்களும் கூடத்தில் நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் வாந்திபேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர்கள். ஜெயபுஷ்பம் மட்டும் மீளவில்லை. அவள் டப்பாவில் கொண்டுபோன மீன் குழம்புதான் காரணம் என்று சுகாதார ஆய்வாளர் எழுதிக்கொண்டு போயிருந்தார். பதினோரு பேரும் அதைச் சாப்பிட்டதாகச் சொன்னார்களாம்.

குழம்பு வைத்தவள், நர்சிங் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஜெனிஃபா. நான்கு நாளாக அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை.

"ஆறு துண்டுதான் போட்டேன். அம்மாவுக்கு ஒண்ணு. மிச்சம் அஞ்ச பதினோரு பேரு எப்டி ஆன்ட்டி சாப்ட்டீங்க?"

பாஸ்டர் பைபிளை மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"சாவு வீட்ல இன்னாம்மா இது?" என்றார் சூப்பர்வைசர் டேனியல். மலர்வளையம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இருங்க சார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் விசாரிக்கறப்பவும் நீங்கதான் பக்கத்துல நின்னீங்க."

வஜீதா முக்காட்டு நுனியை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் சாப்டலம்மா. என்கிட்ட வர்றதுக்குள்ள டப்பா காலி. உங்கம்மா ஐசியூல கெடக்கறா, அவ குழம்ப நான் தொடலன்னு எந்த வாயால சொல்றது?"

"நானும் தொடல," என்றாள் ஷர்மிளா. "ஆனா எனக்குத்தான் பேதி நிக்கவே இல்ல."

"அப்ப இன்னா சாப்ட்டீங்க?"

ஷர்மிளா டேனியலை ஒரு பார்வை பார்த்தாள். "மோரு. வெயிலுக்குன்னு கம்பெனில நம்ம லைனுக்கு டிரம்முல வெச்சாங்களே. உங்கம்மாவும் குடிச்சா."

"மோர் குடிச்சவங்க அம்மாவுக்கு வலப்பக்கம் வாங்க. குடிக்காதவங்க இடப்பக்கம்."

வலப்பக்கம் எட்டுப் பேர். இடப்பக்கம் மூன்று.

"ஆஸ்பத்திரிக்குப் போனவங்க கை தூக்குங்க."

வலப்பக்கம் எட்டுக் கையும் எழுந்தன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"இந்த மூணு பேர்ல மீன் சாப்ட்டது?"

"நானும் ஹேமலதாவும்," என்றாள் சௌந்தர்யா. "எங்களுக்கு ஒரு ஏப்பம்கூட வரலியே. உன் குழம்புல உப்புதான்டி ஜாஸ்தி. வேற ஒரு குத்தமும் இல்ல."

அடக்க ஆராதனைக்கு அச்சடித்த பாட்டுத் தாளை ஜெனிஃபா திருப்பிக் கட்டம் போட்டாள். யார் மீன், யார் மோர், யார் படுத்தது என்று பெயர் பெயராக எழுதி, கையெழுத்துக்கு நீட்டினாள்.

"யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க," என்றார் டேனியல். "நாளைக்கு வேலைக்கு வரணும்."

"வருவோம் சார்," என்று வஜீதா பேனாவை வாங்கினாள். "மோரு மட்டும் நீங்களே குடிங்க."

வலப்பக்கத்துப் பெயர்களில் ஒன்பதாவதாக ஜெனிஃபா அம்மாவின் பெயரை எழுதினாள். தாளை மடித்துக்கொண்டு, மூடியைக் கொண்டுவரச் சொன்னாள்.

சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பியதும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் பதினோரு பேரும் தட்டோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.