சந்தனத்தின் தடிப்பு

வெர்னரின் உற்ற நண்பர் ரூடி தோட்டாக்களை மேசையில் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தபோதுதான் புனிதவதி கவனித்தாள். பழைய பெட்டியிலிருந்து எடுத்தவை ஒரு வரிசை, வெர்னர் கடைசியாகச் செய்தவை இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசை கொஞ்சம் குட்டையாக நின்றது.

காலையில்தான் அவள் கணவர் வெர்னரை சுவிஸின் வில் நகரில் எரித்திருந்தார்கள். மாரடைப்பு. எரித்த கையோடு துப்பாக்கிக் கழகத்தார் அவளையும் தம்பி உருத்திரமூர்த்தியையும் குறிபார்த்துச் சுடும் களத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். செத்தவரின் கைத்துப்பாக்கியால், அவர் கையால் செய்த கடைசித் தோட்டாக்களை உற்ற நண்பர் சுட்டு வழியனுப்புவது அந்தக் கழகத்து வழக்கமாம். நம் ஊரில் பறை, இவர்களுக்கு வெடி.

வெர்னர் தன் தோட்டாக்களை வீட்டு நிலவறையில் தானே செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணீரோடு பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். வெற்றுத் தோட்டாக் கோதுக்குள் வெடிமருந்தைப் போட்டு, அதன் வாயில் குண்டை வைத்து அழுத்தி இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார். கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் உள்ளே இடம் குறைந்து அமுக்கம் எகிறும், துப்பாக்கி கையிலேயே வெடிக்கவும் கூடும். அதனால் அளவுகோலும் கையுமாகவே இருப்பார். கறிக்கு உப்புக்கூட அளந்து போடுகிற மனிதர்.

பிறகு எப்படிக் குட்டையானது? யோசித்தவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன கிழமை சரஸ்வதி பூசை. ஆண்டுதோறும் தையல் மெசின், கார், அவருடைய அழுத்தும் பொறி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். இம்முறை குண்டை இறக்கும் தண்டை அவர் துடைப்பதற்காகக் கழற்றித் துணிமேல் வைத்திருந்தார். அதன் நுனிக் குழியில் சந்தனத்தை நன்றாகவே அப்பியிருந்தாள். குண்டின் தலையில் அமர்கிற இடம் அது. அதற்குப் பிறகு அவர் செய்த தோட்டாக்களில், காய்ந்து இறுகிய சந்தனம் தன் தடிப்பு அளவுக்குக் குண்டைக் கீழே தள்ளியிருக்கிறது.

ரூடி அளந்து பார்க்கவில்லை. வெர்னர் செய்ததை அளப்பது வெர்னரை நம்பாததற்குச் சமம் என்று நினைக்கிறவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தோட்டாக்களைத் துப்பாக்கியில் நிரப்பினார்.

அவள் தம்பியின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அகதி வழக்கு முடியாதவன், பாவம். முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, சந்தனக் கதையை எடுக்காதேங்கோ. வேணுமெண்டு செய்தவள் எண்டு கதைப்பினம். பொலிஸ் வந்தால் என்ரை கேஸும் போச்சு.”

“அப்ப ரூடியின்ரை கை போகட்டுமோ?”

“அத்தானுக்குச் சுகமில்லை, கை நடுங்கிப் பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லுங்கோவன். செத்த மனிசனை ஆர் கேக்கப் போகினம்?”

யாருக்கும் நட்டமில்லாத பொய்தான். ஆனால் வெர்னர் செய்த தோட்டா ஒன்றுகூடப் பிழைத்ததில்லை என்று சற்றுமுன்தான் ரூடி எல்லார் முன்னாலும் சொல்லி அழுதிருந்தார். அந்தப் பெயரை, எரித்த அன்றே, பெண்சாதியே கெடுப்பதா? அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிமேலா, தன்மேலா, இப்படித் தனியே விட்டுப்போன மனிதர்மேலா என்று தெரியவில்லை.

ரூடி காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு இலக்கைப் பார்த்து நின்றார். புனிதவதி போய் அவர் கையைப் பிடித்தாள்.

குண்டு ஆழமாக இறங்கியிருக்கிறது, பிழை அவருடையது அல்ல, என்னுடையது என்று தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னாள். சந்தனத்துக்கு அந்த மொழியில் சொல் தெரியவில்லை. பொட்டில்லாத நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

ரூடி தோட்டாக்களை வெளியே எடுத்து அளந்தார். ஒன்றை அளந்துவிட்டு அதையே திரும்பவும் அளந்தார். பிறகு அளவுகோலை வைத்துவிட்டுத் தன் வலது கையைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. பொறியைக் காட்டும்படி மட்டும் ரூடி கேட்டார்.

மூவரும் வீட்டு நிலவறைக்கு இறங்கினார்கள். ரூடி தண்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்தார். குழியில் சந்தனம் நசுங்கிக் கட்டிபட்டுக் கிடந்தது. அதைச் சுற்றி இரும்பு பளபளத்தது. பொட்டின் விளிம்புவரை எண்ணெய்த் துணியால் துடைத்து, பொட்டை மட்டும் தொடாமல் விட்டிருந்தார் வெர்னர்.

எல்லாவற்றையும் அளக்கிறவனுக்கு இதை அளக்கத் தோன்றவில்லையே என்று ரூடி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“கண்டிருக்கிறார்,” என்றாள் புனிதவதி தம்பியிடம். “நான் வைச்ச பொட்டெண்டு கண்டுதான் விட்டிருக்கிறார்.”

மூர்த்தி படிக்கட்டில் உட்கார்ந்தான்.

இந்தத் தோட்டாக்களை இப்படியே வைத்திருக்கக் கூடாது என்றார் ரூடி. முக்காலியை இழுத்துப் போட்டு, குண்டுகளைக் கோதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். அவள் மேலே போய்க் குசினியிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பக்கத்தில் நின்று, அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள்.