இரண்டு பை காட்டுச்சுருள்

பல்லுக்காரனுக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று அந்தப் பொய்ப்பல் தொழிற்கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஊரார் வாயிலிருந்து எடுத்த அச்சுகள் நாளெல்லாம் அவன் மேசைக்கு வரும். ஈறு, கடைவாய், இடுக்கில் ஒட்டிய மிச்சம் மீதி எல்லாவற்றையும் கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் நட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுவான். கையைக் கழுவிவிட்டு அங்கேயே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான். பொய்ப்பற்கள் இளித்துக்கொண்டிருக்க நிதானமாகச் சாப்பிடுவான்.

அப்படிப்பட்டவன் அன்று போனை வைத்துவிட்டு மெழுகுக் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி?" என்றாள் பக்கத்து மேசை அக்கா. பற்களுக்கு மெருகேற்றுவது அவள் வேலை.

"மாமனார் ஞாயித்துக்கெழம வர்றாராம்க்கா."

"நல்லதுதானே. உன் பொண்டாட்டி போனதுக்கப்புறம் மனுஷன் தலையே காட்டலன்னு நீதானே பொலம்பின?"

"சுருள் பறிச்சுக்கிட்டு வர்றாராம்."

அக்கா மெருகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவளுக்குக் கதை தெரியும்.

மழை விட்டதும் காட்டோரத்து ஈரத்தில் பெரணிச்செடி விடும் இளங்குருத்துதான் சுருள். விரிந்துவிட்டால் தின்ன உதவாது. சுருண்டு கிடக்கும்போதே கிள்ள வேண்டும். பச்சையாய், பழுப்பு ரோமத்தோடு, தொட்டால் நகரும் போல இருக்கும். கல்யாணமான புதிதில் அது சல்லடையில் குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மரவட்டைக் கூட்டம் என்று பல்லுக்காரன் நாற்காலி மேல் ஏறிவிட்டான். மனைவி சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ திங்க வேணாம். ஆனா அப்பாகிட்ட பிடிக்கலன்னு சொல்லிடாத. சேத்துல முட்டி போட்டுப் பறிச்சது. மூஞ்சி தொங்கிடும்."

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். மாமனார் பஸ் ஓட்டியவர். நேரத்துக்கு வண்டி எடுத்த பழக்கம், சாப்பாட்டையும் முதல் ஆளாக முடித்துவிடுவார். அவர் எழுந்து போய் வாஷ்பேசினில் கை கழுவுகிற நேரத்தில் இங்கே தட்டுகள் இடம் மாறும். அவளுடைய காலித் தட்டு இவன் முன்னால் வரும். இவனுடையது அவளிடம் போகும்.

"மாப்ள கல்லையும் கரைப்பாரு போலிருக்கே!" என்பார் மாமனார், திரும்பி வந்து.

அடுத்த வருஷம் பை கொஞ்சம் பெரிதாக வந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் பெரிதாக.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு மாமனார் ஓரிரு முறை வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பஸ்ஸில் கூட்டம் என்றார். டீ ஆறுவதற்குள் "சரி மாப்ள, வரேன்" என்று கிளம்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெண் கொடுத்த வீட்டில் பெண்ணே இல்லையென்றால் எந்த முகத்தோடு வந்து உட்காருவார்? ஆனால் இவனுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். வர அவருக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. சுருளை வேண்டாம் என்றால் அந்தச் சாக்கும் போய்விடும்.

"மாத்திர மாதிரி முழுங்கிடு" என்றாள் அக்கா.

"முழுங்கினா இன்னும் வைப்பார்க்கா."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் இரண்டு பைகளோடு வந்தார். ஒன்றை மேசை மேல் வைத்தார்.

"இது உங்க பங்கு." இரண்டாவதையும் வைத்தார். "இது அவ பங்கு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அடுப்படியில் இருவரும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குப் பறிக்கத்தான் தெரியும், மாப்ள."

"எனக்கு அதுவும் தெரியாது, மாமா."

ரோமத்தைத் துடைக்க வேண்டும், இரண்டு தடவை கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பது வரை இருவருக்கும் நினைவிருந்தது. மாமனார் கட்டைவிரலால் தேய்த்தார். பாதி ரோமம் அப்படியே நின்றது. பல்லுக்காரனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் வேலைப் பையிலிருந்து பிரிக்காத புதுத் தூரிகை ஒன்றை எடுத்துவந்தான். முதல் சுருளை இரண்டு விரல் நுனியில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே தேய்த்தான். சில சுருள்கள் தாண்டியதும் கண்ணருகே கொண்டுவந்து தேய்த்தான். வளைவு, பள்ளம், இடுக்கில் அழுக்கு. தினமும் பார்க்கிற வேலைதான்.

"ஒரு சுருளுக்கு இவ்ளோ நேரமா? நான் சாகறதுக்குள்ள சோறு கெடைக்குமா?" என்றார் மாமனார்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் இருவர் காதிலும் விழுந்தது. மாமனாரே முதலில் சிரித்தார். பிறகு இவனும்.

கொதிக்கவைத்து, வடித்து, எண்ணெயில் மிளகோடு புரட்டி மேசைக்கு வந்தது. பல்லுக்காரன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்தான்.

"கஷ்டப்படாதீங்க" என்றார் மாமனார். "உங்களுக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

இவனுக்குப் புரை ஏறியது. "எப்பலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்து. வாஷ்பேசினுக்கு மேல என்ன இருக்கு?"

"கண்ணாடி."

"காலமெல்லாம் பஸ் ஓட்டினவன் மாப்ள நான். முன்னாடி கண்ணாடி இருந்தா பின்னாடி நடக்கறதப் பாக்காம இருப்பேனா? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கலாம், டிரைவர்கிட்ட மறைக்க முடியாது."

"தெரிஞ்சுமா வருஷா வருஷம் கூடக் கொண்டு வந்தீங்க?"

"அவ ரெண்டு தட்டுத் திங்கறாளே. பத்த வேணாமா?"

பல்லுக்காரன் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தான். பிறகு கேட்டான்: "சரி, இப்ப எதுக்கு ரெண்டு பை?"

மாமனார் தட்டில் ஒரு சுருளை இங்கும் அங்கும் நகர்த்தினார்.

"வெறுங்கையோட இந்தப் படியேற எனக்குக் கால் வரல, மாப்ள. வந்தா என்ன பேசறதுன்னும் தெரியல. ஒரு பை இருந்தா கொஞ்ச நேரம், ரெண்டு பை இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காரலாமேன்னு."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பல்லுக்காரன் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த ஞாயிறு நான் உங்க ஊருக்கு வரேன், சுருள் பறிக்க. நான் வெறுங்கையோடதான் வருவேன்."

"காட்டுக்கா? அட்ட கடிக்கும்."

"கடிக்கட்டும்."

"முழங்கால் வரைக்கும் சேறு."

"கழுவிக்கலாம்."

"பறிச்சதத் திங்கவும் மாட்டீங்க. அப்புறம் எதுக்கு?"

பல்லுக்காரன் சட்டியிலிருந்து இன்னொரு சுருளை எடுத்து, இந்தத் தடவை மென்றே தின்றான். இளம் பீன்ஸ் போல இருந்தது. மிளகு கொஞ்சம் தூக்கல்.

"பாக்கத்தான் சகிக்கல, மாமா. மத்தபடி மோசமில்ல."

"பொண்ணு பாக்கப் போனப்ப என் மாமியார் வீட்ல என்னையும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார் மாமனார், சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.