அரைச் சம்பளக் காவல்

புனேயின் வாகட் பகுதியில் ஒரு பெரிய குடியிருப்பின் கேட்டில் எனக்கு இரவுக் காவல். டிப்ளமோவைப் பாதியில் விட்டவனுக்கு அந்த வேலை கிடைக்க ஒரே காரணம், நான் மலிவு. புனேயில் ஓய்வுபெற்ற ராணுவத்தாருக்குப் பஞ்சமில்லை. நாங்கள் குடியிருக்கும் கோர்படியில் தெருவுக்கு நாலு பேர். சட்டப்படியான கூலிக்குக் குறைந்து அவர்கள் வரமாட்டார்கள். நான் பாதிக்கு வந்தேன்.

இந்த வருடம் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. வழக்கு வந்துவிடுமோ என்று பயந்த குடியிருப்போர் சொசைட்டி கமிட்டி, காவலாளிகளுக்கு முழுக் கூலி போய்ச் சேர வேண்டும் என்று எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இனி தனியாக அறை எடுக்கலாம், அப்பாவின் ஏச்சு இல்லாமல் பகலில் தூங்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு காலை, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏஜென்சிக்காரர் சுந்தரமூர்த்தி வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை.

“தம்பி, இந்த மாசத்தோட நின்னுக்கோ.”

“ஏன் சார்? தூங்கிட்டேனா?”

“தூங்கல. அதே காசுக்கு மிலிட்டரிக்காரன் கிடைக்கிறான். பொடியனை எதுக்கு வச்சுக்கணும், நீயே சொல்லு.”

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“உங்கப்பா ஜெபமணி மிலிட்டரியில ஹவில்தாரா இருந்தவருதானே? வீட்ல சும்மாதானே இருக்காரு? கேட்டுப் பாரேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா தோசையை மென்று முடித்தார்.

“எவனோ வாரதுக்கு நானே போறேன்லே.”

அடுத்த மாதம் முதல் தேதி மாலை, அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒன்பதாவது மாடிக்காரன் கேட்ல நிக்க மாட்டாம்ப்பா. வெள்ளை வண்டி தெரிஞ்சதும் தடுப்பைத் தூக்கிருங்க.”

“நிக்காம எப்படிலே போவான்? நிப்பாட்டுவேன்.”

“அவன்தான் கமிட்டி செகரட்டரி. ஒரே வாரத்துல உங்களை அனுப்பிருவான்.”

“அனுப்பட்டும். மறுபடி நீ போயி நில்லு.”

“இந்தச் சம்பளத்துக்கு என்னை எடுக்க மாட்டாங்க.”

அப்பா லேஸை இறுக்கினார். “அரைச் சம்பளத்துக்கு இனி எவன்கிட்டயும் போயி நிக்காதலே. கேவலம்.”

வாகட்டில் கூலிச் சட்டத்துக்குப் பயப்படாத குடியிருப்புகள் இன்னும் இருந்தன. மறுநாள் காலை அவர் தூங்க வந்தபோது, அவற்றில் ஒன்றில் வேலை கேட்க நான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.