ரூத்தின் விருப்பம்

ராயபுரம் கத்தோலிக்கப் பங்கில் பிராங்கிளினோடு வாதாடி ஜெயித்தவர் என்று யாரும் இல்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்து, குருப்பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது வெளியே வந்தவன் அவன். மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை என்பான். வகுப்பில் வயதான பேராசிரியர் ஒருவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்கி, அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை விடவில்லை என்று பங்கில் ஒரு பேச்சு உண்டு. அதை அவன் மறுத்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் விசுவாச வகுப்பு எடுப்பான். வேலை செய்கிற இடத்தில் சாமியைப் பற்றிக் கிண்டல் கேட்டு வாயடைத்துப்போன நர்சுகள், ரயில்வே ஆட்கள், கூரியர் கம்பெனி ஆட்கள் எல்லாம் வருவார்கள். அவர்களுக்கு அவன் பதில் சொல்லித் தந்தான்.

"யார்டுல பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கீறான். மேல கீறது கீழ கீறது மேல நிக்குது. எத்தினி அடுக்குனாலும் கடைசில தரைன்னு ஒண்ணு வேணும். அது வேற எது மேலயும் நிக்கறதில்ல. அந்தத் தரைய நாம கடவுள்ன்றோம்."

கேட்டவர்கள் திரும்பிப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். அவன் இதைப் பேருக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினான். எந்தக் கேள்விக்கும் திருச்சபையிடம் பதில் இருக்கிறது, பொறுமையாகத் தேடினால் போதும் என்று நம்பினான்.

அவனுக்கு ஒரே தங்கை, எல்சி. அவள் புருஷன் சிலுவைமுத்து காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். திருவொற்றியூரில் வாடகை வீடு. அவர்களுக்கு ஒரே பெண், ரூத், எட்டு வயது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிராங்கிளின் தன் வீட்டின் மேல்மாடியைக் கட்டி முடித்து, சாமியாரை அழைத்து வீடு மந்திரிப்பு வைத்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்சி பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள். சிலுவைமுத்து குழந்தையை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு முன்னால் கிளம்பினான். எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குப் போகிற டிரைலர் லாரி ஒன்று இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் ஒடித்தது. சிலுவைமுத்துவுக்குக் கால் முறிந்தது. குழந்தை சக்கரத்துக்குள் போய்விட்டது.

டிரைவரைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். சிலுவைமுத்துவுக்குக் கால் கோணலாகக் கூடியது. கடலுக்குப் போக முடியாமல் கரையிலேயே ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனான். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

எல்சி அண்ணனிடம் வந்தாள். "ஊருக்கெல்லாம் சொல்றியே ண்ணா, அவருக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வூட்ல மாதா படத்துக்கு வெளக்கு ஏத்தவுட மாட்டேன்றாரு."

பிராங்கிளின் காசிமேட்டுக்குப் போனான். சிலுவைமுத்து ஐஸ் பாளத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டான்.

"சாமி மேல கோவமா மாப்ள?"

"கோவம் இல்ல மச்சான். கோவப்பட ஒரு ஆளு வேணும்ல. அங்க யாரும் கெடயாதுன்னு தோணுது."

வருத்தத்தோடு சொன்ன வார்த்தை அது. பிராங்கிளின் காதில் அது ஒரு வாதமாக விழுந்தது. தவக்காலத்தில் ஹாலில் ஒரு கூட்டம் இருக்கிறது, வந்து கேள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

கடவுள் உண்டா இல்லையா என்று இரண்டு பக்கமும் பேசுகிற கூட்டம் அது. வைக்கலாமா என்று முதலில் கேட்டது ஜெயவேல் என்கிற மனிதர். விம்கோ நகர்க்காரர், தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கடவுள் மறுப்பாளர். பங்குத்தந்தை ஆசீர்வாதம் சாமியார் யோசித்து, கடைசியில் சரி என்றார். அன்றைக்கு ஹால் நிரம்பி வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். எல்சி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். சிலுவைமுத்து வந்திருந்தான், கடைசி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு.

ஜெயவேல் நேர்மையாகத்தான் பேசினார். ஆனால் பிராங்கிளினுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. உலகம் தானாக வந்தது என்றார். தானாக என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டே அவரைத் திணற வைத்தான். உலகில் இத்தனை அநியாயம் இருக்கிறதே என்றார்.

"நீங்கள் அநியாயம் என்று சொல்வதற்கே நியாயம் என்று ஒன்று இருக்க வேண்டும் ஐயா. வெறும் அணுக்களின் கூட்டத்தில் நியாயம் எங்கிருந்து வந்தது?" என்றான். பிறகு நிதானமாகத் தொடர்ந்தான். "கடவுள் நம்மைப் பொம்மைகளாகப் படைக்கவில்லை. அன்பு செய்யக்கூடியவர்களாகப் படைத்தார். அன்பு வேண்டுமென்றால் விருப்பம் வேண்டும். விருப்பம் என்றால் தப்பாகவும் போகலாம். ஒவ்வொரு கொலைகாரன் கையையும் அவர் பிடித்துக்கொண்டே இருந்தால், பிறகு நம் விருப்பத்துக்கு என்ன அர்த்தம்?"

ஆட்கள் தலையசைத்தார்கள். ஜெயவேல் தண்ணீர் குடித்தார். அப்போது கடைசி பெஞ்சில் சிலுவைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"நான் ஒண்ணு கேக்கலாமா மச்சான்?"

"கேளு மாப்ள."

"டிரைலர்காரன் ஒடிச்சது அவன் விருப்பம். சாமி அதுல கை வெக்க மாட்டாரு. செரி. எம் பொண்ணுக்கும் ஒரு விருப்பம் இருந்திச்சி, சாவக்கூடாதுன்னு. சக்கரத்துக்கு உள்ள கெடந்துகினு நைனா நைனான்னு கூப்ட்டா. அவன் விருப்பத்த மதிச்ச சாமி, இவுளோடத ஏன் மதிக்கல?"

எல்சி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிராங்கிளினுக்குப் பதில்கள் தெரியும். இயற்கையின் ஒழுங்கு, இறப்புக்குப் பிந்தைய வாழ்வு, மனித அறிவுக்கு எட்டாத கடவுளின் திட்டம். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. எதை எடுத்தாலும் அந்த முகத்துக்கு முன்னால் சின்னதாகத் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த ஆசீர்வாதம் சாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதுபோல் இருந்தது அவர் பார்வை. பிராங்கிளினும் சொல்லியிருப்பானோ என்னவோ.

அதற்குள் ஜெயவேல் கைதட்டினார். வராந்தாவில் நின்ற ஒன்றிரண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

அந்தச் சத்தம் அவன் உடம்பில் சூடு வைத்தது போல் ஏறியது. தன் சொந்தக் கோயில் ஹாலில், தன் மாணவர்கள் முன்னால், ஐஸ் உடைக்கிற ஒருவனிடம். அவன் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, வெறும் குரலில், தெருப் பேச்சிலேயே ஆரம்பித்தான்.

"மாப்ள, உன் கேள்வில ஒரு ஆள வுட்டுட்ட. டிரைலர்காரன் விருப்பம்ன்ற. பாப்பா விருப்பம்ன்ற. நடுவுல வண்டி ஓட்னவன் ஒருத்தன் கீறானே, அவன் விருப்பம் இன்னா ஆச்சி?"

சிலுவைமுத்து சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"இனிமே தொடமாட்டேன்னு வேளாங்கண்ணி மாதா முன்னாடி முட்டி போட்டு சத்தியம் பண்ணவன், அன்னிக்கு குடிச்சிட்டு வண்டிய எடுத்தான். பாப்பாவ பின்னால ஒக்கார வெச்சான். அது யாரு விருப்பம்? சாமி வந்து ஊத்தி வுட்டாரா?"

பிறகு மேடைத் தமிழுக்குத் திரும்பினான். "நாம் செய்ததை எல்லாம் கடவுள் தலையில் கட்டிவிடுகிறோம். அவர் திருப்பிப் பேசமாட்டார் என்கிற தைரியம் நமக்கு."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பிச் சிலுவைமுத்துவைப் பார்த்தார்கள். கேள்வியை யாருக்கும் ஞாபகம் இல்லை. ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்சி எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய்ப் புருஷன் முன்னால் நின்றாள். ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அவன் சொல்லாத சேதி இது.

"குடிச்சியா?"

"ம்."

"எங்க?"

சிலுவைமுத்து நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். அந்த ஒரு நொடிக்குள் பிராங்கிளின் அதற்கும் பதில் தயார் செய்துவிட்டான். ஊற்றுகிறவன் வேறு, குடிக்கிறவன் வேறு. தூண்டுதல் என்பது கட்டாயம் ஆகாது.

"கடைல," என்றான் சிலுவைமுத்து.

கடையில் இல்லை. பிராங்கிளினுடைய புது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டே பேர். யார்டுக்கு வருகிற ஒரு ஆள் கொடுத்த மிலிட்டரி ரம். சிலுவைமுத்து வேண்டாம் என்றுதான் சொன்னான், சத்தியம் என்றான். பிராங்கிளினுக்கு அன்று நல்ல மனநிலை. "கானாவூர் கல்யாணத்துல சேசுவே தண்ணிய ரசம் ஆக்கிக் குட்த்தாரு. சந்தோசத்துக்குக் குடிக்கிறது பாவம் இல்ல மாப்ள. ஒண்ணே ஒண்ணு," என்று சொல்லி அவனே ஊற்றினான். சிலுவைமுத்துவுக்கு அதை மறுத்துப் பேசத் தெரியவில்லை. ஒரே ஒரு தம்ளர் குடித்தான். அதனால்தான் விபத்து என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சொட்டும் குடிக்காதவன் பைக்கையும் அந்த டிரைலர் அப்படித்தான் அடித்திருக்கும். இதுவும் பிராங்கிளினுக்குத் தெரியும்.

எல்சி அன்றே புருஷனை விட்டு வந்துவிட்டாள். வேறெங்கே போவாள், அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். மேல்மாடியை அவளுக்குக் கொடுத்தான்.

அடுத்த வாரத்திலிருந்து சிலுவைமுத்து கோயிலுக்கு வர ஆரம்பித்தான். ஞாயிறு மட்டும் இல்லை, தினமும் காலைப் பூசைக்கு வந்தான். பெஞ்சில் உட்காராமல் அந்தக் கோணல் காலை மடக்கி வெறும் தரையில் முழங்காலில் நிற்பான். நற்கருணை அப்பம் வாங்க மட்டும் போகமாட்டான். பங்கில் இதுதான் பேச்சாக இருந்தது. நாத்திகம் பேசினவனை ஒரே பேச்சில் திருப்பிவிட்டான் பிராங்கிளின் என்றார்கள். மற்ற பங்குகளிலிருந்தும் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆசீர்வாதம் சாமியார் மட்டும் அவனைப் பார்த்தால் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் பூசை முடிந்து பிராங்கிளின் சிலுவைமுத்துவை வாசலில் நிறுத்தினான்.

"ஏன் மாப்ள கடைலன்னு சொன்ன?"

"உன் வூட்லன்னு சொல்லிருந்தா அவ எங்க போவா மச்சான்? அவளுக்கு யாரு கீறா?"

பிராங்கிளின் குரலைத் தாழ்த்தினான். "நான் அன்னிக்கு சொன்னது... மன்னிப்புன்னு ஒண்ணு கீது. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நற்கருண வாங்கு. திருச்சபை அத்ததான் சொல்லுது."

"மன்னிப்பு வோணாம். நீ சொன்னது செரி. சாமி மேல தப்பு இல்ல, எம் மேலதான். அத்த நெனச்சிப் பாத்தேன். அப்பதான் சாமி கீறாருன்னு வெளங்கிச்சி. அவுரு இல்லன்னா என்ன யாரு தண்டிக்கறது?" அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிறவர்களைப் போலவே கேட்டான். "பாப்பா அங்க என்னப் பாத்தா இன்னா சொல்லும் மச்சான்? அதுக்கு தெரிஞ்சிருக்குமா, நான் குடிச்சது?"

சிலுவைமுத்து பதிலுக்குக் காத்துப் பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.

அன்று சாயங்காலமே பிராங்கிளின் தங்கையிடம் சொல்லிவிட்டான். அவள் அடுப்படியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கதவில் சாய்ந்துகொண்டு, சுற்றிவளைக்காமல் சொன்னான். கடையில் இல்லை, நம் மாடியில். அவன் மாட்டேன் என்றான். நான்தான் ஊற்றினேன்.

எல்சி கையை உதறிவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் இளகியது.

"நீ இன்னா சொல்வன்னு தெரியும் ண்ணா. அவுரு காலைல கோயில்ல முட்டி போட்றத பாத்துட்டு உனக்கு மனசு கேக்கல. என்ன அவுரோட சேத்து வெக்கணும், அதுக்கு பழிய நீ ஏத்துக்கற."

"இல்ல எல்சி. மெய்யாத்தான்."

"அவுரு வாயாலயே சொன்னாரு, எல்லாருக்கும் முன்னாடி. உன் பேர சொல்லித் தப்பிக்கற எடம் அது. உண்மையா இருந்தா சொல்லாம வுடுவாரா? எந்த மனுசன் வுடுவான்?" அவள் புடவையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேசு அடுத்தவங்க பாவத்த சொமந்தாருன்னு நீ வகுப்புல சொல்லுவ இல்ல. நீயும் அப்டித்தான் பண்ற. வோணாம் ண்ணா. எம் பொண்ண கொன்னவன் வூட்டுக்கு நான் திரும்பிப் போவமாட்டேன்."

நிரூபிக்க வழி இருந்தது. பாதி ரம் மிச்சமிருந்த அந்த பாட்டில் இன்னும் தொட்டிக்குப் பின்னால்தான் கிடந்தது. கொடுத்த ஆளின் போன் நம்பர் இருந்தது. சிலுவைமுத்துவையே கூட்டிவந்து முகத்துக்கு முகம் கேட்கலாம். கடவுள் இருக்கிறார் என்று ஹால் நிறைய ஆட்களை ஒப்புக்கொள்ள வைத்தவன், இதற்கு இன்னும் இரண்டு வாக்கியம் பேசினால் போதும்.

அவன் வாயைத் திறந்தான். உள்ளே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்வது போல் லேசாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, அவள்தான் நம்பவில்லை. அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்.

"செரி வுடு," என்றான்.

எல்சி மீனை மஞ்சளில் புரட்டினாள். "நீ இல்லன்னா எனக்கு சாவறவரிக்கும் தெரிஞ்சிருக்காது ண்ணா. அந்த ஆளோடயே படுத்து எழுந்திருப்பேன். போ, மேல காத்தாட ஒக்காரு. கொழம்பு கொதிச்சதும் கூப்டறேன்."

அவன் மாடிக்குப் போகவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கான பைபிள் பகுதியைத் தேடிக் குறித்துக்கொண்டான். அவள் கூப்பிட்டதும் போய்க் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பாட்டுக்கு முன் செபத்தை அவள்தான் சொன்னாள். அண்ணனுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அவன் ஆமென் என்றான்.