கார்பனுக்குப் போட்ட கட்டு

மாரிக்கண்ணன் டைட்டானியம் சைக்கிள் வாங்கினான் என்பது ஒரு செய்தியே இல்லை. அதை அக்கா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, அக்கா புருஷன் இட்லி சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து வாசலில் நிறுத்தினான் பாருங்கள், அங்கேதான் வினை பிறந்தது.

அக்கா புருஷன் ரத்தினம் அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்துத் துண்டு நெய்கிறவர். மாரிக்கண்ணனுக்குப் பந்தல்குடியில் உரக்கடை. கல்யாணம் முடிந்த நாளிலிருந்தே இருவருக்கும் நடுவில் சத்தமில்லாத ஒரு சண்டை நடந்து வருகிறது. இவர் வீட்டில் ஏசி மாட்டினால் அவன் வீட்டில் இரண்டு மாட்டுவான். அவன் வாசலுக்குக் கிரானைட் போட்டால் இவர் மொட்டை மாடிக்கே போடுவார். இடையில் கிடந்து அல்லாடிய முருகலட்சுமி, புருஷனா தம்பியா என்று யோசிப்பதை விட்டு வெகுநாளாகிறது. இரண்டு பேரையும் சரிசமமாகக் கிண்டல் செய்வது என்று முடிவெடுத்த பிறகு அவளுக்கு உடம்பும் தேறிவிட்டது.

"தூக்கிப் பாருங்க மச்சான்" என்றான் மாரிக்கண்ணன்.

ரத்தினம் கை கழுவிவிட்டு வந்து ஒற்றைக் கையால் தூக்கினார். தூக்குச்சட்டி போல வந்துவிட்டது.

"டைட்டானியம். துருப்பிடிக்காது, நெளியாது, பெயிண்டே வேண்டாம். இங்கனக்குள்ள செஞ்சது. பெரிய கம்பெனிக்காரன் வெலையில பாதிகூட ஆகல. எனக்குப் பெறகு எம்மகன் ஓட்டுவான், அவனுக்குப் பெறகு அவன் மகன்."

அந்த மகன் தெருமுனைக் கடைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போவதற்கே ஸ்கூட்டர் சாவி கேட்கிறவன். பேரனைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

"கொஞ்சம் கனம்தான் மாப்ள" என்றார் ரத்தினம்.

சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்குத் தறிச் சத்தத்தில்கூடத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் செல்போனும் கையுமாகக் கிடந்து, டைட்டானியத்தை விட லேசான பொருள் ஒன்று உலகத்தில் உண்டு என்று கண்டுபிடித்தார். அதன் பெயர் கார்பன். பேர் போன கம்பெனியின் கார்பன் சைக்கிள் என்றால் ஒரு தறியை விற்க வேண்டும். பேரே இல்லாத கம்பெனியின் பிரேம் என்றால் ஒரு தீபாவளிச் செலவோடு போகும். பிரேமை மட்டும் சீனாவிலிருந்து வரவழைத்து, மற்ற சாமான்களைத் தனித்தனியாக வாங்கித் தானே கோத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"நீங்களா கோக்கப் போறீக?" என்றாள் முருகலட்சுமி. "மிக்சி மூடி இறுகிப்போச்சுன்னா எதுத்த வீட்டுக்குக் குடுத்து விடுறவுக நீங்க."

"வீடியோ இருக்குல்ல. எல்லாம் தெளிவாச் சொல்றான்."

"என்ன பாஷையில சொல்றான்?"

ரத்தினம் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். சீன பாஷை என்று சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

பிரேம் வந்தது. நூல் கோன்களை எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு கிலோ துவரம்பருப்பு அளவுதான் காட்டியது. ரத்தினத்துக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து எடை குறைப்பதே அவருக்கு வேலையாகப் போயிற்று. இரும்பு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு லேசானதாகப் போட்டார். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் விரற்கடை அளவு அறுத்தார். மணி வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம், தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கிற கம்பி வேண்டாம். இந்தக் கணக்கில் அவருடைய தொப்பை மட்டும் சேரவில்லை. அது கம்பெனி ஃபிட்டிங் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

கோப்பது நினைத்த மாதிரி இல்லை. பெடல் சுற்றுகிற இடத்து பேரிங்கை உலகத்தில் இருபது விதமாகச் செய்கிறார்கள் என்றால், இந்தப் பிரேமுக்கு வேண்டியது இருபத்தோராவது விதமாக இருந்தது. வாங்கியதைத் திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கி, அதையும் திருப்பி அனுப்பியதில் கூரியர்காரர் வீட்டு மனிதர் போல ஆகி, முருகலட்சுமியிடம் காப்பிக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

கடைசியில் முன் ஃபோர்க்கு உட்காரும் இடத்தில் பேரிங்கை அடித்து இறக்க வேண்டிய கட்டம் வந்தது. பிரேம் ஆடிக்கொண்டே இருந்தது. தறிக்கூடத்து மேசையில் இருந்த வைஸில், அதாவது இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பிடியில், மேல் குழாயைக் கொடுத்து முறுக்கினார். கீறல் விழக்கூடாது என்று சொந்தத் தறியில் நெய்த துண்டைச் சுற்றிக்கொள்ளவும் மறக்கவில்லை. கார்பன் குழாயை எக்காரணம் கொண்டும் வைஸில் வைக்கக் கூடாது என்று வீடியோவில் அந்தச் சீனாக்காரன் ஒரு நிமிடம் முழுக்கக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தான். ரத்தினம் அந்த இடத்தைத்தான் தள்ளி ஓட்டிவிட்டிருந்தார்.

'டிக்' என்று வேர்க்கடலைத் தோடு உடைவது போல ஒரு சத்தம்.

துண்டை விலக்கிப் பார்த்தார். விரிசல் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. விரலால் அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தறி ஓட்டுகிறவர்கள் நூல் அறுந்து கிடக்கிறது என்று கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பணம் போனது ஒரு பக்கம். மாரிக்கண்ணன் வந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டுவானே, அதுதான் மறுபக்கம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த முருகலட்சுமி, மூன்றாம் நாள் தறிக்கூடத்துக்கே வந்தாள்.

"என்னங்க, சைக்கிளுக்குக் காய்ச்சலா? துண்டப் போத்திப் படுக்க வச்சிருக்கீக?"

துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதுதான் ரத்தினத்துக்குத் தாங்கவில்லை.

"சரி, விடுங்க. திருச்சுழி ரோட்டுல பைபர் கதவு செய்யிற ரியாஸ் தம்பி இருக்குல்ல, அதுகிட்டக் கொண்டு போங்க. நம்ம தண்ணித் தொட்டி ஓட்டைய அதுதான் அடைச்சுக் குடுத்துச்சு."

ரியாஸ் துபாயில் பைபர் படகு செய்த அனுபவத்தோடு ஊருக்கு வந்து, படகு விட இங்கே தண்ணீர் இல்லாததால் பாத்ரூம் கதவுக்கு மாறியவன். அடக்கம் என்கிற பொருளை அவன் ஸ்டாக் வைப்பதில்லை. பிரேமை வாங்கிக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தான்.

"கார்பன்னு பெருசாச் சொல்றாக அண்ணாச்சி. இதுவும் நம்ம பாத்ரூம் கதவும் அண்ணன் தம்பிதான். துணி, பசை. வேற என்ன?"

"ஒரு சுத்துச் சுத்துனாப் போதும்ல தம்பி? கனம் ஏறிடக் கூடாது."

ரியாஸ் அவரை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தான். பார்வை வயிற்றில் கொஞ்சம் தங்கிப் போனது.

"ஒரு சுத்தா? ஏழு சுத்துப் போடணும். நாளப்பின்ன ஒண்ணு ஆயிருச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

போட்டான். விரிசலைத் தேய்த்து, பைபர் துணியைப் பசையில் முக்கிச் சுற்றி, காய வைத்து, மறுபடி சுற்றி, கறுப்பு பெயிண்டும் அடித்துக் கொடுத்தான். மேல் குழாயின் நடுவில் ஒரு சுரைக்காய் காய்த்தது போல இருந்தது. யானை ஏறினாலும் உடையாது என்றான் ரியாஸ். அது உண்மை. அவன் செய்கிற கதவுகளும் அப்படித்தான். உள்ளே தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். ரத்தினம் அன்றோடு தராசுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்.

மீதியைக் கோத்து முடித்து, ஒரு விடிகாலை பாலவனத்தம் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தார். விருதுநகர் பஸ் ஒன்று கடந்து போனது. அப்புறம் சாலையில் யாருமில்லை. சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் நூல் ஓடுகிற மாதிரி மெலிசாகக் கேட்டது. மிதிக்க மிதிக்க வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இதை நான் கோத்தேன் என்று நினைத்தார். ஒரு காடை வேலிக்கருவைப் புதர் மறைவிலிருந்து விருட்டென்று பறந்தது. ரத்தினம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவருடைய சைக்கிள் வாழ்க்கையில் பொய் கலக்காத காலை அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு 'கரிசல் புயல்' குழுவோடு திருச்சுழிக்குக் கிளம்பினார். மாரிக்கண்ணன் உட்பட நாற்பத்தைந்து தாண்டியவர்களாகச் சேர்ந்து உடம்பை ஒட்டிய பளபளப்புச் சட்டைகளில் போகும் குழு அது. புயல் என்று பெயரே ஒழிய, பாதிப் பயணங்களில் கரையைக் கடப்பதில்லை. நடுவழி டீக்கடையிலேயே வலுவிழந்துவிடும். அன்று திருச்சுழி வரை போய்ச் சேர்ந்தார்கள். டீக்கடையில் உளுந்த வடை வாங்கிக்கொண்டு வந்த மாரிக்கண்ணன் கண்ணில் சுரைக்காய் பட்டது.

"என்ன மச்சான் இது, கழலை கெளம்பியிருக்கு?"

ரத்தினத்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எந்தச் சாமி வந்து அவர் வாயில் உட்கார்ந்ததோ தெரியாது.

"ஏரோ" என்றார்.

"ஏரோன்னா?"

"காத்து மாப்ள. எதுத்து வார காத்து இதுல மோதி ரெண்டாப் பிரிஞ்சு போயிரும். நம்ம மேல படாது. கார்பன்ல மட்டுந்தான் இந்த வேலையெல்லாம். டைட்டானியத்துல ஏலாது, பாவம்."

போட்டோ ஸ்டுடியோ சின்னச்சாமி குனிந்து சுரைக்காயைத் தடவிப் பார்த்து, "ஆமா, வரும்போதே அண்ணாச்சி பின்னால எனக்குக் காத்தே தெரியல" என்றார். ரத்தினத்தின் பின்னால் வந்தால் யாருக்குமே காற்றுத் தெரியாது. அதற்குக் காரணம் சைக்கிள் அல்ல.

அந்த வாரமே சின்னச்சாமி ரியாஸைத் தேடிப் போனார். ரியாஸ் ஏன் எதற்கு என்று கேட்கிற ஆளில்லை. அவருக்கு வைத்தான், அவரைப் பார்த்து வந்த இன்னொருவருக்கும் வைத்தான். ஒருவர் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு கேட்டார். மாதம் முடிவதற்குள் பட்டறை வாசலில், கதவு விளம்பரத்துக்குக் கீழே, 'இங்கு சைக்கிள்களுக்கு ஏரோ வைத்துத் தரப்படும்' என்று பலகை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் புயல் கிளம்பினால் ஏதோ காய்கறி வண்டிகள் ஊர்வலம் போவது போல இருந்தது.

மாரிக்கண்ணன் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவனும் போனான்.

"டைட்டானியத்துல நிக்குமா பாய்?"

"தகரமா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன? சுத்தச் சொன்னா சுத்துவேன். நிக்குறது அதோட இஷ்டம்" என்றான் ரியாஸ்.

அது நிற்கவில்லை. வழவழவென்ற உலோகத்தில் பசை பிடிக்காமல், பந்தல்குடி ரோட்டு வெயிலில் இரண்டு நாள் ஓடியதும் கழன்றுவிட்டது. கழன்றாலும் விழவும் வழியில்லை, குழாயைச் சுற்றிப் போட்ட கட்டாயிற்றே. வளையல் போலக் குழாயிலேயே ஓட ஆரம்பித்தது. மேடு ஏறினால் பின்னால் வந்து சீட்டில் இடித்தது. பிரேக் பிடித்தால் முன்னால் போய் 'டொக்' என்றது. பின்னால் வந்த லோடு லாரிக்காரன் ஏதோ மாட்டு வண்டி என்று நினைத்து ஹாரன் அடித்தான்.

மாரிக்கண்ணன் நேரே அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். சந்துக்குள் திரும்பும்போதே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

"எனக்கு மட்டும் மட்டமான ஏரோவா வைக்கச் சொல்லியிருக்கீக, என்ன மச்சான்? மத்தவுகளுக்கெல்லாம் நிக்குதுல்ல?"

ரத்தினம் முழித்தார். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முருகலட்சுமிதான் வாயைத் திறந்தாள்.

"ஏலே, அவுக சைக்கிளு ஒடஞ்சு போச்சு. அதுக்குக் கட்டுப் போட்டாக. நல்லா இருந்த சைக்கிளுக்கு ஒனக்கு எதுக்குடா கட்டு?"

ரத்தினம் தரையைப் பார்த்தார். போகட்டும், இன்றோடு முடிந்தது என்று அவருக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மாரிக்கண்ணன் அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். மெல்ல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீக மச்சான். கூடப் பெறந்தவ வாயாலயே சொல்ல வச்சிட்டீகளே! ரகசியம் வெளிய போயிறக் கூடாதுன்னு."

"சத்தியமா மாப்ள, வைஸுல வச்சு..."

"போதும், போதும். வாள எடுத்து இதை அறுத்து விடுங்க."

ரத்தினம் அறுத்துவிட்டார். டைட்டானியத்தில் ஒரு கீறல் விழவில்லை. அதற்காகவும் அவருக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. இரண்டாகப் பிளந்த சுரைக்காயை மாரிக்கண்ணன் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு புயலுக்கு அவன் வெறும் குழாயோடு வந்தான். ஏரோ எங்கே என்று சின்னச்சாமி கேட்டார்.

"உள்ள போயிருச்சு. இப்ப வெளிய வைக்கிறதெல்லாம் பழைய மாடல். டைட்டானியம்னா குழாய்க்கு உள்ளயே ஏரோ. பாத்தாத் தெரியாது" என்றான் மாரிக்கண்ணன், மச்சானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான். மறுநாளே ரியாஸ் பட்டறையில் கூட்டம். வைப்பதற்கு வாங்கியதைவிட எடுப்பதற்கு அதிகம் வாங்கினான். வைப்பது சுலபம், எடுப்பதுதான் தொழில்நுட்பம் என்றான். யாரும் மறுக்கவில்லை.

ரத்தினத்தால் மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் சைக்கிள் இரண்டாகிவிடும். ஆகவே புயலின் வாலில், சுரைக்காயோடு, அவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். மேட்டில் ஏறும்போது முன்னால் போனவர்கள் நின்று, பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் பழைய ஏரோலயே ஓட்டுறீக?" என்றார் சின்னச்சாமி. "எங்க எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். நீங்களே இப்படிப் பின்தங்கலாமா?"

ரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியது நல்லதாகப் போயிற்று. பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டே மேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.